மூன்றாம் பக்கத்தில் இறந்தவர்

உலகம் அழிவதை இதுவரை பதினோரு தடவை பார்த்துவிட்டேன். வெள்ளத்தால் மூன்று, வறட்சியால் இரண்டு, காளானால் ஒன்று, மனிதர்களைப் பிடிக்காத இயந்திரங்களால் நான்கு. மீதி ஒன்றில் எதனால் அழிந்தது என்று எழுத எழுத்தாளரே மறந்துவிட்டார். நான் பச்சை மையில் கேட்ட பிறகு புழுதிப்புயல் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். பதினோரு தடவையும் மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு நான் அலுவலகத்தில் இருந்திருக்கிறேன்.

பதிப்பகத்தில் பிழை திருத்துவது என் வேலை. மூன்றாவது மாடியில் ஓர் அறை, இரண்டு மேஜை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறக்கும் ஒரு ஜன்னல். முன்பெல்லாம் நாங்கள் தேர்வு வழிகாட்டிகள் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். நான்கு வருடத்துக்கு முன் முதலாளி ஒரு புத்தகக் கடையில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்த்திருக்கிறார். பெற்றோர் வழிகாட்டியை எடுத்துக் கையில் கொடுக்க, பிள்ளைகள் அதன் அடியில் வேறொரு புத்தகத்தைச் செருகினார்களாம். அட்டையில் இடிந்த கட்டடம், அதன் முன்னால் கிழிந்த சட்டையோடு ஒரு பெண். மறு வாரமே எங்கள் பதிப்பகத்தில் உலகம் அழியத் தொடங்கிவிட்டது. அந்தப் புத்தகங்களுக்கு அலுவலகத்தில் 'அழிவு வரிசை' என்று பெயர். "அழிவு ஆறு என்னாச்சு?" "முடிஞ்சுது சார், அட்டைதான் பாக்கி" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். படியேறி வருகிறவர்கள் யாராவது கேட்டால் அப்படியே திரும்பி இறங்கிவிடுவார்கள்.

அழிவு எதனால் வந்தாலும் ஒன்று மட்டும் மாறாது. பெற்றோர் செத்துப்போவார்கள். சீக்கிரமே செத்துப்போவார்கள். ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருக்கிறேன்: அம்மாக்கள் சராசரியாகப் பன்னிரண்டாம் பக்கம் வரை தாங்குகிறார்கள், அப்பாக்களுக்கு ஏழாம் பக்கத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் முதலாளியிடம் கேட்டேன்.

"ஒரு கதையிலயாவது அப்பா அம்மாவ விட்டுவெக்கக் கூடாதா சார்?"

"விட்டுவெச்சா கதை எப்படிய்யா நகரும்?" என்றார் அவர். "பொண்ணு கத்தியை எடுத்துக்கிட்டு வெளிய கிளம்பறா. அப்பா இருந்தா என்ன சொல்வாரு? 'இந்த நேரத்துல எங்க போற'ன்னு கேப்பாரு. அதோட புத்தகம் முடிஞ்சுது."

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. பிழைக்குச் சிவப்பு மை, சந்தேகத்துக்குப் பச்சை மை. சந்தேகத்தை ஓரத்தில் எழுதினால், எழுத்தாளர் அதற்குக் கீழே 'மாற்றுகிறேன்' அல்லது 'இருக்கட்டும்' என்று பதில் எழுதி அனுப்ப வேண்டும். அது போக, படித்த ஒவ்வொரு பக்கத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு டிக், பக்கத்தில் தேதி. எப்போதோ ஒரு வழிகாட்டியில் நாற்பது பக்கம் யாரும் பார்க்காமலே அச்சுக்குப் போய், கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லாமல் வெளிவந்து சந்தி சிரித்தது. அன்று முதலாளி போட்ட சட்டம் அது. இருபத்திரண்டு வருடமாக என் கை அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது.

எனக்கு ஒரே மகள், பதினைந்து வயது. அழிவு வரிசையில் அலுவலகம் தரும் இலவசப் பிரதிகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அது என் கையில் இருக்காது. நான் நாலு வாரம் மல்லுக்கட்டிய புத்தகத்தை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவாள். ஒருநாள் கேட்டேன்.

"அப்படி என்னதாம்மா இருக்கு இதுல? எல்லாரும் சாகறாங்க, தண்ணி இல்ல, கரண்ட் இல்ல, எலியைப் பிடிச்சுத் திங்கறாங்க."

"எக்ஸாமும் இல்லப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல வர்ற பொண்ணுங்களுக்குத் தனக்கு என்ன வரும்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சுடுது. ஒருத்தி ஓடுவா. ஒருத்தி காயத்துக்குக் கட்டுப் போடுவா. ஒருத்தி எந்தப் பூட்டையும் திறப்பா. நான் பத்து வருஷமா ஸ்கூலுக்குப் போறேன். எனக்கு என்ன வரும்னு இன்னும் யாரும் சொல்லல. என்ன மார்க்குன்னு மட்டும்தான் சொல்றாங்க" என்றாள்.

நல்ல பதில். புத்தியுள்ள தகப்பன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் மார்க்கின் முக்கியத்துவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவது 'ம்', 'சரி', 'தெரியல' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது. முன்பெல்லாம் எனக்குச் சட்டை மாற்றக்கூட நேரம் தராமல் பேசிக்கொண்டிருந்த பெண் அவள். அந்தச் சத்தம் இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அடுத்த இரண்டு வருடம் எந்தப் பாடப்பிரிவு என்று மாணவி எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டு, பதினைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நான் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று கட்டத்தில் 'கணக்கு, இயற்பியல்' என்று எழுதி அவள் மேஜையில் வைத்தேன். பென்சிலில்தான் எழுதினேன். அவள் சுதந்திரத்தில் தலையிடக் கூடாதல்லவா, அதனால் பென்சில். அவள் அதன் மேல் மையால் எழுதிவிட்டால் போதும். அவள் பழையபடி என்னிடம் பேச வேண்டும், கட்டத்தில் நான் எழுதியதே இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். இந்த இரண்டும் ஒரே ஆசை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் தேதி எனக்கு விடுமுறை. மகள் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மாலை ஆறுக்குத்தான் வருவாள். படிவம் என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்க மகளின் அறைக்குப் போனேன். அதை மட்டும் பார்க்கத்தான் போனேன், சத்தியமாக. மேஜையில் இருந்தது. நான் எழுதிய இரண்டு சொற்களும் இல்லை. அழித்த அழிப்பில் அந்த இடத்தில் காகிதமே மெலிந்துபோயிருந்தது. படிவத்துக்கு அடியில் ஒரு நீல அட்டை நோட்டு. திறந்தேன்.

கதை. அவள் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் அறுபத்தெட்டுப் பக்கம். வேறு யாராவது இருந்தால் மூடி வைத்திருப்பார்கள். கையெழுத்துப் பிரதியைக் கண்டால் நான் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், அதிகாலையில் அபாயச் சங்கு. இரண்டாம் பக்கத்தில் எல்லோரும் படியில் இறங்கி ஓடுகிறார்கள்: கதாநாயகி, அவள் அம்மா, அவள் அப்பா. மூன்றாம் பக்கம் நாலாவது வரியில் அப்பா நிற்கிறார். "கேஸை மூடினேனா?" என்கிறார். "மூடிட்டீங்க, வாங்க" என்று அம்மா கத்துகிறாள். "எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று மேலே ஏறுகிறார். 'அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை' என்று பத்தி முடிந்திருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. சாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதை எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் பதினோரு புத்தகத்திலும் அப்பாக்கள் கொஞ்சம் மரியாதையோடுதான் செத்திருக்கிறார்கள். ஒருவர் பாலத்தைத் தாங்கிப் பிடித்தார், ஒருவர் தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் மட்டும் கேஸைப் பார்க்கப் போய்ச் சாக வேண்டுமா? அதிலும் எரிச்சல், அது பொய்யில்லை என்பதுதான். எங்கள் வீடு ஐந்தாவது மாடி. தினமும் வேலைக்குக் கிளம்பினால் மூன்றாவது மாடி வரை இறங்கிவிட்டு, மறுபடி ஏறிப்போய் கேஸைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இருபது வருடத்தில் ஒரு நாளும் அது திறந்திருந்ததில்லை. அதற்காகப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மேலே படித்தேன். அம்மா பத்தொன்பதாம் பக்கம் வரை உயிரோடு இருந்து, படிக்கட்டில் நின்று இஸ்திரிப் பெட்டியால் நாலு பேரை வீழ்த்திய பிறகே சாகிறாள். பெண் தனியாகப் போகிறாள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு பாழடைந்த பள்ளி மைதானத்தைக் கொத்தி உருளைக்கிழங்கு போடுகிறாள். பதினைந்தே நாளில் தோண்டி எடுக்கிறாள். மண்ணைப் பற்றி அவள் எழுதியிருந்த விதம் நன்றாக இருந்தது. கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தவள் எழுதியது போல இருந்தது. இவளுக்கு இதெல்லாம் எப்போது தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்.

அறுபத்தொன்றாம் பக்கம். பெண் காய்ச்சலில் நாலு நாள் கிடந்து எழுந்து, மலையைத் தாண்டிப் போக முடிவு செய்கிறாள். பையைத் தோளில் மாட்டுகிறாள். அடுத்த வரி இது: 'வாசலில் அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூடி சரியா போட்டிருக்கா பாத்துக்கோ என்றார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.' அவ்வளவுதான். ஆவி இல்லை, கனவு இல்லை, விளக்கம் இல்லை. எழுதியவளுக்கு அவர் செத்த ஞாபகமே இல்லை.

தினமும் காலையில் நான் செய்வது அது. பாட்டிலை நிரப்பி, வாசலில் நின்று, அந்த வாக்கியத்தைச் சொல்லி நீட்டுவேன். அவள் காதிலேயே வாங்குவதில்லை என்று நினைத்திருந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் பழக்கம் சுடுகாட்டையும் தாண்டி அறுபத்தொன்றாம் பக்கம் வரை போயிருந்தது. கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கடைசி வரை படித்தேன். பிறகு நோட்டை எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில், படிவத்தை அதன் மேல் அதே சாய்வில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். துப்பறிகிறவன் கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

மாலையில் மூன்று பேரும் சாப்பிட உட்காரும்போது மகள் அந்த நோட்டோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என் நோட்டுல யாரு டிக் போட்டது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பக்கங்களை விரலால் விசிறிக் காட்டினாள். வலது கீழ் மூலையில் ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரு டிக். அறுபத்தெட்டு டிக்.

"தேதியும் போட்டிருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"போட்டிருக்கு."

"அப்ப உங்கப்பாதான்" என்று அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இதுவும் இருக்கு" என்று மகள் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். "'அப்பா 3ஆம் பக்கத்தில் இறந்துவிட்டார். ஆசிரியர் கவனிக்கவும்.'"

நான் எழுதியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கை அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில், 'உருளைக்கிழங்கு பதினைந்து நாளில் விளையுமா?' என்று இன்னொன்றும் எழுதியிருந்தேன்.

"அது வந்தும்மா, படிவத்தைப் பாக்கலாம்னுதான்..."

"அதையும் நீங்கதான் எழுதினீங்க. இதையும் நீங்கதான் திருத்தறீங்க. எனக்குன்னு ஒரு நோட்டுகூட இருக்கக் கூடாதாப்பா?"

அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய பிழையைக் கண்டுபிடித்துச் சிவப்பில் வட்டம் போட்டவன் நான். வட்டத்துக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மனைவி, "நான் எந்தப் பக்கத்துல சாகறேன்?" என்று கேட்டாள்.

"பத்தொம்போது. இஸ்திரிப் பெட்டியோட."

"பரவாயில்லையே" என்றாள்.

ஒன்பது நாள் மகள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய மூன்று சொற்களும் நின்றுபோயின. மன்னிப்புக் கேட்டேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். காலையில் நான் சமையலறைக்கு வருவதற்கு முன்பே தண்ணீர் பாட்டிலைத் தானே நிரப்பி எடுத்துக்கொண்டாள். வாசலில் வெறுங்கையோடு நின்றேன். மூன்றாம் பக்கத்தில் செத்ததை விட இது மோசமாக இருந்தது. படிவத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. பதினைந்தாம் தேதி மட்டும் நாளுக்கு நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்து முதலாளி விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு எழுதின அழிவு! அட்டையில வயசைப் பெருசாப் போடலாம்யா. எப்ப கொண்டுவர்றே?"

"அது என்னுது இல்ல சார். எழுதினவங்க பதில் இன்னும் வரல" என்றேன்.

பதில் வராத பிரதி அச்சுக்குப் போகாது என்பது அவருடைய சட்டம்தான். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

பதினைந்தாம் தேதி காலை எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் நான் உட்காரும் இடத்தில் நீல நோட்டு இருந்தது. மகள் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நோட்டுக்குள் இரண்டு இடத்தில் காகிதத் துண்டு வைத்திருந்தாள், எழுத்தாளர்கள் வைப்பது போலவே. நாற்பதாம் பக்கத்தைப் பிரித்தேன். என் பச்சை மைக்குக் கீழே நீல மையில், 'மாற்றிவிட்டேன். மூன்று மாதம். நூலகத்தில் பார்த்தேன்' என்று இருந்தது. அறுபத்தொன்றைப் பிரித்தேன். 'அப்பா 3ஆம் பக்கத்தில் இறந்துவிட்டார். ஆசிரியர் கவனிக்கவும்.' அதற்குக் கீழே இரண்டே வரி.

'தெரியும்.

ரெண்டும் இருக்கட்டும்.'

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "படிக்கறவங்க கேப்பாங்களேம்மா, செத்தவரு எப்படி வந்தாருன்னு" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேப்பீங்க."

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். "சரி, அந்த மூணாம் பக்கத்துல... சாவைக் கொஞ்சம் கௌரவமா வெக்கலாமா?"

"அதை மாத்தினா அது நீங்க இல்லப்பா" என்றாள். சிரிப்பை அடக்கியதில் ரொட்டித் துணுக்கு புரையேறியது. தலையில் தட்டிவிடக் கை நீட்டினேன்; விலகவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் படிவம் இருந்தது. மெலிந்துபோன அந்த இடத்தில், கிழிந்துவிடாமல் மெதுவாக, மையால் எழுதியிருந்தாள்: 'உயிரியல், வேளாண்மை.' கீழே என் கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. மேலிருந்து கீழ் வரை படித்தேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். கணக்கு, இயற்பியல் என்று இத்தனை நாள் கட்டிய கோட்டை கண் முன்னால் சரிந்தது. அது எனக்கு வலித்தது. அவள் ரொட்டியை வைத்துவிட்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டேன். நீல மையில்தான் போட்டேன். டிக் போடவில்லை.

தண்ணீர் பாட்டில் காலியாக என் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. நிரப்பி மூடிக் கொடுத்தேன். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே மூடியைத் திருகிப் பார்த்துப் பைக்குள் வைத்தாள். எனக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது மாடியில் கால் தானாக நின்றது. கேஸை மூடினேனா? திரும்பி இரண்டு படி ஏறினேன்.

மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே நிற்பேன் என்று தெரிந்து வந்து நின்றிருக்கிறாள்.

"மூடிட்டேன்பா. நான் பாத்துட்டேன். நீங்க போங்க."

கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே நின்றேன். பிறகு, இருபது வருடத்தில் முதல் தடவையாக, மேலே போகாமல் கீழே இறங்கினேன். தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது.